எங்க வீட்டுல யாரும் பேசக் கூடாது

பாட்ட நிறுத்தச் சொன்னது நான்தான் தம்பி. கண்டக்டரத் திட்டாதீங்க. நீங்க பாட்டுக்கு "எவன்யா நிறுத்துனது"ன்னு கத்துறீங்க, அந்தாளு என்னையக் கையக் காட்டுறான், நீங்க என்னைய மொறைக்கிறீங்க. மொறைச்சிட்டுப் போகட்டும்னு விட்டேன். ஆனா ஒங்களுக்கு எடம் கெடைச்சது என் பக்கத்துலன்னுல்ல ஆயிப்போச்சு? நெலக்கோட்டை வரைக்கும் மொறைச்சுக்கிட்டே வர முடியுமா? அதான் வெவரத்தச் சொல்லிப்புடுறேன்.

முன்னால, டிரைவருக்குப் பின் சீட்டுல ரெண்டு பொம்பளைக தெரியுதா? பச்சைச் சேலை என் வீட்டுக்காரி பஞ்சவர்ணம். பக்கத்துல சுடிதாரு, எம் மக சுகப்பிரியா. அவ மடியில துண்டுக்குள்ள சுருண்டு கெடக்குதே, அது எம் பேத்தி. தூங்குது. மதுரையில டாக்டர்கிட்டக் காட்டிட்டு வர்றோம். ஏழாம் மாசத்துலயே பொறந்த பிள்ளை தம்பி. அதுக்கு மூளை நல்லபடியா வளரணும். இந்த ஒலகத்துல எனக்கு வேற ஒரு வேண்டுதலும் கெடையாது. அதுக்காக நான் செஞ்சதையெல்லாம் சொன்னா நீங்க சிரிப்பீங்க. சிரிங்க. மெதுவாச் சிரிங்க.

என்னது? பஸ்சு எரைச்சல்ல சரியா விழல. நான்தான் சத்தமாப் பேசுறனா? நல்லாருக்கே கதை! நான் குசுகுசுன்னுல்ல பேசிக்கிட்டு வர்றேன்.

எனக்குத் தொழிலு ரேடியோ செட்டு. பெத்தணன் ரேடியோஸ்னா எங்க பக்கம் தெரியாத ஊரு கெடையாது. நான்தான் பெத்தணன். கல்யாணம், காதுகுத்து, சாமி கும்புடு, கட்சிக் கூட்டம், எதுன்னாலும் நான் கொழாய் ஸ்பீக்கரக் கட்டுனாத்தான் விசேசம். தென்னை உச்சியில நாலு கொழாயக் கட்டி நாலு தெசைக்கும் திருப்பி விட்டேன்னா மூணாவது ஊர்ல மாடு மெரளும். மாடு கயித்த அத்துக்கிட்டு ஓடிருச்சுன்னு பஞ்சாயத்தே வந்துருக்கு. அம்புட்டுச் சுத்தமான சவுண்டு.

ஊருக்கெல்லாம் கட்டுறவன் எம் மக வளைகாப்புக்குக் கட்டாம இருப்பனா? இருக்குற பாக்ஸு அம்புட்டையும் எறக்கிட்டேன். சன்னல் கண்ணாடி அதுருச்சு. அடுத்த வாரமே மகளுக்குப் பிரசர் ஏறி, மொகமெல்லாம் வீங்கி, மதுரைக்குத் தூக்கிக்கிட்டு ஓடுனோம். தாயா பிள்ளையான்னு ஆயிப்போச்சு. அறுத்துத்தான் எடுத்தாக. ஒரு கிலோ கூடத் தேறல. பஞ்சவர்ணம் ஆஸ்பத்திரி வராந்தாவுல அம்புட்டு சனத்துக்கு முன்னால, "ஒன் கொழாச் சத்தந்தான்யா எம் மகள இந்தக் கதிக்கு ஆக்குச்சு"ன்னு மாருல அடிச்சுக்கிட்டா. டாக்டரம்மா, "அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா, இது ரத்தக் கொதிப்பு"ன்னு எடுத்துச் சொல்லியும் அவ கேக்கல. எனக்கு அந்தச் சொல்லு முள்ளாத் தச்சுப்போச்சு தம்பி. இன்னிக்கு வரைக்கும் வலிக்குது.

பிள்ளையக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருந்தாக. மூக்குல கொழா, கையில கொழா, கால்ல கொழா. பாத்ததும் எனக்குத் தாங்கல. பெட்டிய வெரலால தட்டி, "ஏ ஆத்தா, தாத்தா வந்துருக்கேன்டி"ன்னேன். அம்புட்டுத்தான். நர்சம்மா ஓடியாந்து என்னைய நெட்டித் தள்ளிக்கிட்டு வெளிய வந்துருச்சு. பெறகு டாக்டரம்மா கூப்புட்டு ஒக்கார வச்சுச் சொன்னாக.

"ஐயா, வயித்துக்குள்ள இருக்கப்ப வெளியில இருந்து வர்ற சத்தம் பிள்ளைக்கு அமுங்கித்தான் கேக்கும். கடைசி மூணு மாசத்துலதான் மூளை வேகவேகமா வளரும், மடிப்பெல்லாம் விழும். இந்தப் பிள்ளைக்கு அந்த மூணு மாசமும் வெளியில நடக்குது. நீங்க பெட்டியில தட்டுனா உள்ள இடி விழுந்த மாதிரி இருக்கும். படபடன்னு வரும், மூச்சு கூடத் தடுமாறும். எரைச்சலே ஆகாது."

எனக்கா புரியாது? "அதாவதும்மா, வயருக்கு மேல இன்னும் ரப்பர் ஏறல. வெறுங்கம்பியா இருக்கு. அதுல வால்யூமத் திருகுனா பொகஞ்சுரும். ரப்பர் ஏறுற வரைக்கும் சத்தம் ஆகாது. சரிதானே?"ன்னேன். அந்தம்மா அசந்துபோயி, "அப்படியும் வச்சுக்கலாம் ஐயா"ன்னாக. அதுக்கப்புறமும் என்னமோ சொன்னாக, தாயி, கொரலு, அது இதுன்னு. அவுகளுக்கு மெல்லிசான கொரலு. நான் தலைய ஆட்டிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். மெயின் வெவரந்தான் நமக்குத் தெரிஞ்சுபோச்சே.

பிள்ளை வீட்டுக்கு வந்தது ஆடி மாசம். ஆடி, ரேடியோ செட்டுக்காரனுக்கு அறுவடை. நான் கொழாய் அம்புட்டையும் எறக்கி, வீட்ட ஒட்டுன கொட்டகைக்குள்ள கவுத்துப் போட்டுப் பூட்டிட்டேன். கோயில் கமிட்டித் தலைவரு சங்கிலிராசு வந்து, "பெத்தணா, பாட்டுப் போடாம ஆத்தாளுக்குக் கூழு ஊத்துறதா?"ன்னு குதிச்சாரு. "ஆத்தாளுக்குக் காது நல்லாக் கேக்கும்யா, மனசுக்குள்ள பாடுங்க"ன்னேன். கேட்டாகளா? வத்தலக்குண்டுல இருந்து வேற செட்டு கொண்டாந்துட்டாக. என் தெருவுல, எனக்குப் போட்டியா! ஃப்யூசப் புடுங்கி வேட்டி மடியில கட்டிக்கிட்டு வயக்காட்டுக்குள்ள போயி ஒக்காந்துக்கிட்டேன். ஊரே தேடுச்சு. கடைசியில பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். கொழாய்க்கு மெத்தையும் கம்பளியும் சுத்துறதுன்னு. கம்பளி போத்துன கொழாயில அம்மன் பாட்டு வந்துச்சு பாருங்க, கெணத்துல விழுந்தவன் கூப்புடுற மாதிரி இருந்துச்சாம். அந்த வருசம் ஆத்தாளே கெணத்துல விழுந்துட்டாள்னு சின்னப் பிள்ளைக அழுதுச்சுக.

பூசாரி, கோயில் மணியோட நாக்குல பழைய பனியனச் சுத்தி ஆட்டுனாரு. பொம்பளைக கொலவை போட வாயெடுத்தாக, நான் ரெண்டு கையையும் கூப்பி நின்னேன். பாவம், நாக்க மட்டும் ஆட்டிட்டு விட்டுட்டாக. சாமியாடி மாசாணம் இருக்காரே, எப்பவும் "ஏஏய்"னு ஊரத் தூக்குற மாதிரி கத்திக்கிட்டு வர்றவரு. அன்னிக்குச் சாமி எறங்குனதும் என்னையப் பாத்தாரு. நானும் அவரப் பாத்தேன். சாமி வெரல ஒதட்டுல வச்சுக்கிட்டு நுனிக்கால்ல ஆடுச்சு தம்பி! குறி கேட்டவுகளுக்கெல்லாம் சாடையிலயே குறி சொல்லுச்சு. ஒருத்தருக்கும் ஒண்ணும் வெளங்கல. ஆனா காணாமப் போன ஆடு வந்துரும்னு ஒருத்தன் புரிஞ்சுக்கிட்டுப் போனான், ஆடு வந்துருச்சு.

சிரிக்கிறீங்க பாத்தீங்களா? இன்னுங் கேளுங்க. எதுத்த வீட்டு அய்யாவு செத்துப்போனாரு. தங்கமான மனுசன், ஆனா நேரங்காலம் பாத்துச் சாகத் தெரியல. தப்படிக்க வந்தவுக கால்ல விழுகாத கொறையாக் கேட்டுக்கிட்டேன். அவுக தோலத் தொடாம வெறுங்காத்துல அடிச்சுக்கிட்டே ஆடுனாக. ஒப்பாரிக்கு வந்த பொம்பளைகளுக்கு ஆளுக்கொரு துண்டு. வாயில வச்சுக் கடிச்சுக்கிட்டு அழுங்கன்னு குடுத்தேன். அய்யாவோட மூத்த மகன் மலைராசன் என் சட்டையக் கொத்தாப் புடிச்சுட்டான். "எங்கப்பன் என்ன அநாதப் பொணமாய்யா?"ன்னான். நான் சொன்னேன், "ஒங்கப்பனுக்கு இனிமே மூளை வளரப் போறதில்லப்பா. எம் பேத்திக்கு வளரணும்." ஓங்குன கை அப்புடியே நின்னுச்சு. எங்க வீட்டுப் பக்கம் ஒரு தடவை பாத்தான். பெறகு தரையில ஒக்காந்து, அவனும் ஒரு துண்டக் கேட்டு வாங்கி வாயில வச்சுக்கிட்டு அழுதான். அத நெனச்சா எனக்கே சங்கடமாத்தான் இருக்கு.

வீட்டுக்குள்ள கேக்கணுமா? குக்கரத் தூக்கிப் பரண்ல போடுன்னுட்டேன். மிக்சி கூடாது. கொலுசு கூடாது. வளையலுக்கு நூலு சுத்தியாச்சு. கதவுக் கீலுக்கு எண்ணெய். சேவலு ஒண்ணு இருந்துச்சு, கொழம்பு வச்சாச்சு. மீன்காரம்மா வாசல் வாசலா நின்னு மீனத் தூக்கிக் காட்டிட்டுப் போகும். முக்கியமான சட்டம் என்னன்னா, எங்க வீட்டுல யாரும் பேசக் கூடாது. எதுன்னாலும் சாடைதான். தண்ணி வேணும்னா கட்டை வெரலு. சோறுன்னா அஞ்சு வெரலு. கல்யாணமான நாள்ல இருந்து எனக்கும் பஞ்சவர்ணத்துக்கும் சண்டை இல்லாம இருந்தது அந்த எட்டு மாசந்தான்.

பேரு வச்ச அன்னிக்கு மாப்பிள்ளை வீட்டுல இருந்து வந்திருந்தாக. எங்க வழக்கத்துல அத்தைக்காரி பிள்ளை காதுல மூணு தடவை பேரச் சொல்லணும். அங்கயற்கண்ணின்னு பேரு, கூப்புடுறது கயலு. அந்தப் பொண்ணு குனியவும் நான் குறுக்க கைய விட்டுத் தடுத்துட்டேன். பச்சரிசியில எழுதிக் காட்டும்மா, போதும்னேன். ரெண்டு மாசப் பிள்ளைக்கு எழுதிக் காட்டுறதான்னு அது கேட்டுச்சு போல, வாயி அசைஞ்சுச்சு. எழுதிக் காட்டுச்சு. பிள்ளை அரிசியப் பாத்துச்சு, எனக்குச் சந்தோசமாப் போச்சு.

நான் மட்டும் சொகுசா இருந்தேன்னு நெனைக்காதீங்க. என் தொண்டை வேற மாதிரி. சும்மா இருமுனாலே ஓடு அதுரும்னு பஞ்சவர்ணம் சொல்லுவா. அதனால வீட்டுக்குள்ளயே படுக்கல. கொட்டகைக்குள்ள, கொழாய்களுக்கு நடுவுல எனக்குக் கட்டிலு. சன்னல் வழியாப் பிள்ளையப் பாத்துக்கிட்டு நிப்பேன். தூக்குனதில்ல. தூக்குனா கொஞ்சத் தோணும், கொஞ்சுனா சத்தம் வரும். வேணாம்னு கையக் கட்டிக்கிட்டு நின்னுட்டேன். பிள்ளை கையக் கால ஆட்டும். சிரிக்கும். நான் இங்கிட்டு நின்னு பல்லக் கடிச்சுக்குவேன்.

ஆனா ஒண்ணு தம்பி, வீடு கோயிலாயிருச்சு. எம் மக பிள்ளைக்கு மேல குனிஞ்சு, எந்நேரமும் வாயில முணுமுணுன்னுக்கிட்டே இருப்பா. என்னன்னு சாடையில கேட்டா, கையக் கூப்பி மேல காட்டுவா. சாமி கும்புடுறாளாம். பஞ்சவர்ணம் அதுக்கு மேல. சோறாக்கும்போதும் முணுமுணு, துணி மடிக்கும்போதும் முணுமுணு. மலைராசன் பொண்டாட்டி வந்து பிள்ளை பக்கத்துல ஒக்காந்துக்கிட்டு முணுமுணு. மீன்காரம்மா கூட உள்ள வந்து கூடைய எறக்கி வச்சிட்டு முணுமுணு. தெருவுக்கே பக்தி கூடிப்போச்சேன்னு எனக்கு அம்புட்டுப் பெருமை.

இன்னிக்குக் காலையில டாக்டரம்மாகிட்டக் காட்டுனோம். பொறந்து பத்து மாசம் ஆகுது, ஆனா குறைமாசப் பிள்ளைக்குப் பொறந்திருக்க வேண்டிய நாள்ல இருந்துதான் வயச எண்ணணுமாம். அந்தக் கணக்குக்கு ஏழரை மாசம். தலைய அளந்தாக. ஒக்கார வச்சுப் பாத்தாக. கிலுகிலுப்பைய ஆட்டிப் பாத்தாக. "வீட்டுல பிள்ளைகிட்ட எப்படிப் பேசுறீங்க?"ன்னு கேட்டாக. நான் எந்திரிச்சு நின்னேன். "டாக்டரம்மா, எட்டு மாசமா எங்க வீட்டுல ஒருத்தரு ஒரு வார்த்தை பேசுனதில்ல. வேணும்னா தெருவுல விசாரிச்சுக்கங்க"ன்னு நெஞ்ச நிமித்திச் சொன்னேன்.

அந்தம்மா பேனாவக் கீழ வச்சிட்டாக. "யாருய்யா ஒங்களுக்கு அப்படிச் சொன்னது?"ன்னாக.

"நீங்கதாம்மா."

தலையில கைய வச்சிட்டாக. பெறகு எனக்கு நேரா வந்து நின்னு, ஒவ்வொரு சொல்லா அழுத்திச் சொன்னாக. "ஐயா, எரைச்சல் ஆகாதுன்னேன். பேச்சு ஆகாதுன்னா சொன்னேன்? தாயி பேச்சுதான்யா பிள்ளை மூளைக்குச் சோறு. குறைமாசப் பிள்ளைக்கு இன்னும் கூடுதலாப் பேசணும், பாடணும். கேக்கக் கேக்கத்தான் மூளையில பேச்சுக்கு வழி விழும். பேச்சே காதுல விழாம வளத்தா, பேச்சு பிந்தும், புத்தியும் பிந்தும்."

சுவத்தோட சரிஞ்சு ஒக்காந்துட்டேன். ஊரு வாய அடைச்சேன். சாமி வாய அடைச்சேன். எழவு வீட்டு வாய அடைச்சேன். எல்லாஞ் சேந்து எம் பேத்தி வாயிலயே மண்ணப் போட்டுருச்சா? எட்டு மாசம் என் கையாலயே பிள்ளையப் பட்டினி போட்டுட்டனா? பாவி பாவின்னு தலையில அடிச்சுக்கிட்டேன்.

டாக்டரம்மா என்னையக் கண்டுக்கவே இல்ல. பிள்ளைக்குப் பின்னால போயி நின்னுக்கிட்டு வாய அசைச்சாக. படக்குன்னு பிள்ளை திரும்பிப் பாத்துச்சு! சிரிச்சுச்சு! வாயக் குவிச்சு என்னமோ பேசுச்சு! "பேச்சே கேக்காத பிள்ளை பேரச் சொன்னாத் திரும்புமா?"ன்னு எங்க மூணு பேரையும் பாத்தாக.

"எந்தப் பேரும்மா? அந்தப் பேர எங்க வீட்டுல எவரும் சொன்னதே கெடையாதே!"ன்னேன் நான்.

எம் மக அழுகுறாளா சிரிக்கிறாளான்னு தெரியல. பஞ்சவர்ணம் டாக்டரம்மாகிட்டக் கையக் கைய ஆட்டி என்னமோ ஒப்பிக்கிறா. என்னடின்னேன். மகதான் எம் பக்கத்துல வந்து, காதுல வாய வச்சுக் கத்துனா. "அப்பா, நாங்க முதல் நாள்ல இருந்தே பேசிக்கிட்டுத்தான் இருக்கோம். ஒங்க முன்னாலயேதான் பேசுனோம். ஒங்களுக்குத்தான் கேக்கல."

கேட்டீங்களா அநியாயத்த! அது முணுமுணு இல்லையாம். பாட்டாம். கதையாம். கொழம்புக்குப் புளி கரைக்கிறதுல இருந்து டிவி நாடகம் வரைக்கும் பிள்ளைகிட்டச் சொல்லிக்கிட்டே இருந்தாகளாம். அத்தைக்காரி அன்னிக்கே, அரிசியில எழுதிட்டுக் குனிஞ்சப்பவே, காதுல பேரச் சொல்லிட்டாளாம். நான் பக்கத்துல நிக்கிறேன்! பரண்ல போட்ட குக்கரு அடுத்த வாரமே எறங்கி தெனமும் விசிலடிச்சுதாம். ஒரு வீடு பூரா எட்டு மாசம் என் கண்ணு முன்னால பேசியிருக்கு தம்பி! எம்புட்டுப் பெரிய களவாணித்தனம்! "ஏன்டி மறைச்சே?"ன்னா, எம் மக சொல்றா, "நீங்க தெருவ அடக்குனது பிள்ளை தூங்க நல்லதாத்தாம்ப்பா இருந்துச்சு. ஒங்க மனசையும் நோகடிக்க வேணாம்னுதான்"னு. சேவல நெனச்சாத்தான் வயித்தெரிச்சலா இருக்கு.

கொழாய்க்கு அடியிலயே நின்னு நின்னு காது போயிருச்சாம் எனக்கு. டாக்டரம்மா எம் முதுகுக்குப் பின்னால நின்னு என்னென்னமோ சொல்லிப் பாத்தாகளாம். நான் ஒண்ணுக்கும் திரும்பலையாம். இது என்ன பெரிய விசயம், கழுதை போகட்டும். பிள்ளை தப்பிச்சிருச்சுல்ல? அவுக பேசி வளத்துட்டாகல்ல? அங்கேயே பஞ்சவர்ணம் கையப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டேன். ஏச வாயெடுத்தவ, ஏசாம விட்டுட்டா.

அதுக்கப்புறந்தான் தம்பி விசயமே. டாக்டரம்மா, "நீங்க ஒரு தடவை பேத்தியக் கூப்புடுங்க"ன்னு சாடை காட்டுனாக. எட்டு மாசமா அடக்கி வச்ச ஆசை. கிட்டப் போயிக் குனிஞ்சு, "கயலு"ன்னேன். பிள்ளை தூக்கிப் போட்டு, மொகஞ் செவந்து, வாயத் தெறந்துருச்சு. அழுகுது. அழுகுதுன்னு கண்ணுக்குத் தெரியுது. சத்தம் மட்டும் எனக்கு வரல. மலைராசன் பொண்டாட்டி கொரலு அதுக்குத் தெரியும். மீன்காரம்மா கொரலு தெரியும். அந்த வீட்டுல அதுக்குத் தெரியாத கொரலு என்னுது ஒண்ணுதான். அப்ப நான் அதுக்கு யாரு? சொல்லுங்க.

"பழகிரும் ஐயா. தெனமும் மெதுவாப் பேசுங்க"ன்னாக டாக்டரம்மா. மெதுவான்னா எம்புட்டு? எனக்கு எப்புடித் தெரியும்? எதக் கேட்டாலும் மெதுவாத்தானே எனக்குக் கேக்குது.

தம்பி, ஒரு ஒதவி பண்ணுங்க. நான் பேரச் சொல்றேன். ஒரு கைக்குழந்தைகிட்டச் சொல்ற அளவு வந்ததும் நீங்க கையத் தூக்குங்க. என்ன?

கயலு.

ஏன், எல்லாரும் திரும்புறாக? சரி, சரி. கொறைக்கிறேன்.

கயலு.

இன்னுமா? இதுவே எனக்குச் சொட்டாத்தான் கேக்குது.

கயலு.

இன்னுங் கொஞ்சமா? இதுக்கு மேல கொறைச்சா வெறும் மூச்சுல்ல? சரி, இருங்க.

கயலு.

கையத் தூக்கிட்டீங்க! நெசமாவா? எனக்கு ஒண்ணுமே கேக்கலையே. வாயி அசைஞ்சது மட்டுந்தான் தெரிஞ்சுச்சு. வெளிய வந்துச்சா? பிள்ளை பயப்படாதுல்ல? நான் என்ன சொன்னேன்னு நீங்க ஒரு தடவை சொல்லுங்க, ஒங்க வாயப் பாத்துக்கிறேன்.

ஆமா. அதேதான். அதத்தான் சொன்னேன்.

எனக்குக் கேக்காட்டி என்ன தம்பி, அதுக்குக் கேட்டாச் சரி. பஞ்சவர்ணம் திரும்பிப் பாக்குறா, பிள்ளை முழிச்சிருச்சு போல. இந்தப் பையக் கொஞ்சம் பாத்துக்கங்க. முன்னால போயிட்டு வர்றேன்.